டிராஃப்ட் மஹாதேவனின் கூடைப்பந்து அணி

உலகத்தில் எந்த மகத்தான காரியமும் டிராஃப்ட் இல்லாமல் பிறந்ததில்லை. படைத்தவனே முதலில் குரங்கை டிராஃப்டாகப் போட்டு, அங்கங்கே அடித்துத் திருத்தி, வாலை நீக்கி, அப்புறம்தான் மனிதனுக்குக் கையெழுத்துப் போட்டான் என்பது கல்கத்தா கார்டன் ரீச்சிலுள்ள 'கிழக்கு மண்டல மிதவை வாரிய'த்தின் துணை மேலாளர் மஹாதேவனின் திடமான கருத்து. அதிலும் படைத்தவன் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டான் என்று அவருக்கு ஒரு வருத்தம் உண்டு. இன்னும் இரண்டு திருத்தம் பார்த்திருக்கலாம்.

மிதவை வாரியம் என்றால், ஹூக்ளி ஆற்றில் கப்பல்கள் மணல்திட்டில் ஏறிவிடாமல் இருக்க வழிகாட்டி மிதவைகளைப் போட்டுப் பராமரிக்கும் அலுவலகம். ஆற்றில் மிதப்பவை முப்பத்தாறு. அலுவலகத்தில் மிதப்பவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரில் எந்தக் கொம்பன் எழுதிய கடிதமானாலும் மஹாதேவனின் சிவப்புப் பேனாவுக்குத் தப்பி வெளியே போனதில்லை. கும்பகோணத்திலிருந்து வந்த இருபத்தேழு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் அவர் கை வைக்காத காகிதம் இரண்டுதான்: சுவரிலிருந்த நாட்காட்டி, கேன்டீனில் தொங்கிய மீன் குழம்பு அறிவிப்பு. இரண்டாவதிலும் போன வருடம் ஒரு கால்புள்ளி சேர்த்துவிட்டார். வங்காளி சகாக்கள் அவரை 'டிராஃப்ட்-தா' என்று அழைத்தார்கள். அதாவது டிராஃப்ட் அண்ணா. அவர் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார்.

இப்படிப்பட்ட மேதையைத் தேடி விளையாட்டு தானாக வந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ஜூலை மாதம், வாரியத் தலைவர் ஹரிஷங்கர் டெல்லியிலிருந்து விமானத்தில் திரும்பினார். வழியில் ஒரு பத்திரிகை படித்திருக்கிறார். மறுநாள் காலை அவசரக் கூட்டம்.

"ஜென்டில்மென், அமெரிக்காவில் கூடைப்பந்து அணிகள் எப்படி ஜெயிக்கின்றன தெரியுமா? பெரிய பெரிய ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கி அல்ல. டிராஃப்ட்! முதலில் டிராஃப்ட், அப்புறம் டெவலப்மென்ட். இந்த இரண்டில்தான் சூட்சுமமே இருக்கிறது. வரும் ஏப்ரலில் நீர்வழி அலுவலகங்களுக்கான மகளிர் கோப்பை இங்கே கல்கத்தாவில் நடக்கிறது. நாம் அணி கட்டுகிறோம். ஜெயிக்கிறோம்."

டிராஃப்ட் என்றால் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் விளக்கியிருந்தது. தலைவர் இரண்டாம் பக்கத்தை முடித்தபோது சாப்பாட்டுத் தட்டு வந்துவிட்டது.

"ஆண்கள் அணி வேண்டாமா சார்?" என்று ஒருவர் கேட்டார்.

"அது ஏற்கெனவே இருக்கிறதே!" என்றார் தலைவர். உண்மைதான். பன்னிரண்டு வருடமாக அது ஆண்டறிக்கையில் மிகச் சிறப்பாக ஆடி வருகிறது.

"சரி, நம்மிடம் டிராஃப்டில் கெட்டிக்காரர் யார்?"

இருபத்திரண்டு தலைகள் ஒரே பக்கம் திரும்பின. மஹாதேவன் எழுந்து நின்று அடக்கமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பந்தை அவர் வாழ்நாளில் தொட்டதில்லை. ஆனால் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லையே.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோதுதான் தலைவர் தமிழரசியைப் பார்த்தார். டெஸ்பாட்ச் பிரிவில் ஒப்பந்த ஊழியர். வயது இருபத்து நாலு, உயரம் ஐந்தடி பதினொன்று. கிழிந்த உறைகளைப் பந்தாகச் சுருட்டி, நடைக்கூடத்தின் மறுகோடியிலிருந்த குப்பைத் தொட்டிக்குள் திரும்பிப் பார்க்காமலே போட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து உறை, ஐந்தும் உள்ளே.

"யார் இந்தப் பெண்? பந்து ஆடுவாளா?"

"ரபீந்திர சரோவர் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆடுவாள் சார். யூனிவர்சிடி அணியில் இருந்தவள். நம்ம படகு மாலுமி மாணிக்கத்தின் பெண்" என்றார் மஹாதேவன்.

"ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நிரந்தரம் ஆக்கிவிடுங்கள். டிராஃப்ட் போட்டு அனுப்புங்கள். இன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன்."

தமிழரசிக்குக் கால் தரையில் பாவவில்லை. காரணம் பந்து மட்டும் அல்ல. மார்ச் முப்பத்தொன்றாம் தேதி அவள் ஒப்பந்தம் முடிகிறது. அதே தேதியில் அப்பா மாணிக்கம் ஓய்வு பெறுகிறார். அன்றோடு கார்டன் ரீச் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அவள் பிறந்த வீடு. அம்மா நீலாவதி வைத்த முருங்கை இரண்டாம் மாடி ஜன்னலை எட்டிப் பார்க்கும் வீடு. தமிழரசி நிரந்தரமானால் வீடு அவள் பேருக்கு மாறும். இல்லாவிட்டால் முப்பத்தொரு வருடக் குடித்தனத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. கோப்பைப் போட்டியிலும் நிரந்தர ஊழியர்கள் மட்டும்தான் ஆடலாம் என்பது விதி. ஆக, வாரியத்தின் வெற்றியும் தமிழரசியின் வீடும் ஒரே காகிதத்தில் இருந்தன.

அந்தக் காகிதத்தை மஹாதேவன் அன்று பிற்பகலே எழுதினார். நாலே வரி. படித்துப் பார்த்தார். நன்றாக வந்திருந்தது. இவ்வளவு சுலபமாக நன்றாக வந்துவிட்டதே என்றுதான் அவருக்குச் சந்தேகமே வந்தது. சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

ஆணை ஒரு பக்கம் செப்பனிடப்பட, அணி மறுபக்கம் 'டிராஃப்ட்' செய்யப்பட்டது. மஹாதேவன் முதலில் போட்ட பட்டியலில் உயரமானவர்கள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அதை எல்லாப் பிரிவுகளுக்கும் 'கருத்துரைக்காக' அனுப்பினார். உயரத்தின் பேரில் பாரபட்சம் கூடாது என்று யூனியன் எழுதியது. கணக்குப் பிரிவு தனக்கு மூன்று இடம் கேட்டது. திருத்தப்பட்ட பட்டியலில், 'உயரம்: விரும்பத்தக்கது. பணிமூப்பு: கட்டாயம்' என்று வந்தது. அணித்தலைவி, கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளர் சாவித்திரி. வயது ஐம்பத்தேழு. வலது முழங்காலில் தேய்மானம். மற்றவர்களில் இரண்டு பேர் மகப்பேறு விடுப்பில் இருந்தார்கள். தமிழரசி பன்னிரண்டாவது இடத்தில், ஆணை வரும்வரை 'சிறப்பு அழைப்பாளர்'.

அடுத்து, கூடை. ஸ்டோர்ஸ் அதிகாரி பிஸ்வாஸ்பாபு நாணயமான மனிதர். அங்கீகரிக்கப்பட்ட பொருள்பட்டியலில் இல்லாத ஒரு குண்டூசியைக்கூட வாங்கமாட்டார். பட்டியலில் கூடைப்பந்து வளையம் என்று ஒன்று இல்லை. 'கூடை, பிரம்பு, பெரியது' என்று கேன்டீன் தலைப்பின் கீழ் இருந்தது. காளிகாட் சந்தில் மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி, இரண்டு கூடைகளைக் கொண்டுவந்து மிதவைக் கிடங்கின் சுவரில் அடித்துவிட்டார்.

"பிஸ்வாஸ்பாபு, இதுக்கு அடி இருக்கே! போட்ட பந்து உள்ளேயே தங்கிடுமே!" என்றாள் தமிழரசி.

"தங்கட்டுமே, மா. அரசாங்கப் பந்து தொலையாமல் பத்திரமாக இருக்கும்."

"அடியை வெட்டி எடுத்துடுங்களேன்."

பிஸ்வாஸ்பாபு காதைப் பொத்திக்கொண்டார். "ஆரே பாபா! புதுக் கூடையின் அடியை வெட்டினால் அது சேதமான பொருள். சேதமான பொருளை மூன்று பேர் கமிட்டி பார்வையிட்டுக் கழிவு செய்ய வேண்டும். கழிவு செய்த கூடையில் நீங்கள் எப்படிப் பந்து போடுவீர்கள்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இன்றுவரை யாராலும் முடியவில்லை. ஒவ்வொரு முறை பந்து விழுந்ததும் ஏணி வைத்து எடுத்தார்கள். அது அதிகம் நடக்கவில்லை என்பது ஆறுதல்.

மஹாதேவனின் 'வீராங்கனை மேம்பாட்டுத் திட்டம்' ஐம்பத்தெட்டுப் பக்கம். அதன் உயிர்நாடி ஏழாவது பத்தி: 'பந்து உரிய வழியாக மட்டுமே செல்லுதல் வேண்டும்.' அதாவது, பந்தைப் பெறுபவர் அதைத் தமக்கு அடுத்த பணிமூப்புடையவருக்குத் தர வேண்டும். இளையவருக்கு நேராகத் தருவது மேலதிகாரியை அவமதிப்பதாகும். தமிழரசிக்குப் பந்து வருவதற்குள் எட்டுக் கைகள் பார்த்து முடித்திருக்கும். சாவித்திரி பந்தை வாங்கினால் ஒரு கணம் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பழக்கதோஷம், முந்தைய குறிப்புகள் ஏதாவது இருக்கிறதா என்று.

"இருபத்து நாலு செகண்டுக்குள்ள கூடையைப் பார்த்துப் போடணும் மேடம். இல்லேன்னா பந்து அவங்களுக்குப் போயிடும்" என்றாள் தமிழரசி.

"இருபத்து நாலு செகண்டா? எழுத்துல குடும்மா. பார்க்கறேன்" என்றார் சாவித்திரி.

செப்டம்பரில் ஒருநாள், தபால் கட்டோடு மஹாதேவன் மேஜைக்கு வந்த தமிழரசி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. டிராஃப்ட்னா நீங்க போடற டிராஃப்ட் இல்ல சார். அது ஆள் எடுக்கறது. போன வருஷம் யாரு கடைசியா வந்தாங்களோ, அவங்களுக்குத்தான் முதல்ல ஆள் எடுக்கற உரிமை. அப்பத்தான் தோத்த டீமும் மேல வரும்."

மஹாதேவன் பரிவோடு சிரித்தார். "ஆள் எடுக்கறதா? சரி. எடுத்ததுக்கு ஆர்டர் போடணுமா இல்லியா? ஆர்டருக்கு என்னம்மா வேணும்?"

"...டிராஃப்ட்."

"பாத்தியா! சுத்திச் சுத்தி இங்கதான் வரணும்."

"அப்ப என் ஆர்டர் சார்?"

"நாலாவது டிராஃப்ட் ஓடிண்டிருக்கு. இதோ பாரு, 'நியமிக்கப்படுகிறார்'னு இருந்தது. 'இதன்மூலம் நியமிக்கப்படுகிறார்'னு ஆக்கியிருக்கேன். எவ்வளவு கம்பீரமா இருக்கு! நம்ம பொண்ணு ஆர்டர், நாளைக்கு ஒருத்தன் குத்தம் சொல்லப்படாது."

அவர் குரலில் பொய் இல்லை. இந்தப் பெண்ணிடம் அவருக்கு மெய்யான பாசம். வேறு யாருடைய ஆணையாக இருந்தாலும் இரண்டு டிராஃப்டோடு விட்டிருப்பார்.

துர்கா பூஜோ விடுமுறை வந்து போயிற்று. ஐந்தாவது டிராஃப்ட் இந்தி மொழிபெயர்ப்புக்குப் போய், 'கூடை எறியும் பெண்மணி' என்று திரும்பி வந்தது; அதைச் சரிசெய்ய ஆறாவது. 'அவர்' என்பது யாரைக் குறிக்கிறது என்ற தெளிவுக்காக ஏழாவது. தலைவர் இரண்டு முறை ஃபோன் செய்து, "அந்தப் பெண்ணின் ஆணை எங்கே?" என்றார். "மெருகேறிக்கொண்டிருக்கிறது சார்" என்று பதில் போயிற்று. தலைவர் மெச்சிக்கொண்டார். பத்திரிகையிலும் பொறுமை வேண்டும் என்றுதான் எழுதியிருந்ததாம்.

ஜனவரியில் ஒரு காலை, லேக் கார்டன்ஸ் வீட்டில் இட்லித் தட்டை வைத்துக்கொண்டே மனைவி சகுந்தலா கேட்டாள்.

"ஏன்னா, மாணிக்கம் பொண்ணுக்கு ஆர்டர் ஆயிடுத்தா? நீலாவதியைக் காளிகாட் மெட்ரோல பார்த்தேன். வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்துடுத்துன்னு கண்ணைத் தொடச்சிண்டா."

"ஒம்பதாவது டிராஃப்ட் ஆயிண்டிருக்கு. ஒரு அரைப்புள்ளிதான் உறுத்தறது."

"அரைப்புள்ளியா? நல்லவேளை, நம்ம கல்யாணப் பத்திரிகையை எங்கப்பா உங்ககிட்ட காட்டலை. காட்டியிருந்தா நான் இன்னும் கும்பகோணத்துலயே உக்காந்திண்டிருப்பேன்."

மஹாதேவன் இட்லியைப் பிட்டார். அந்தப் பத்திரிகையில் இரண்டு பிழை இருந்தது அவருக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

மார்ச் இருபத்தெட்டு. பதினோராவது டிராஃப்ட் மேஜைமேல் இருந்தது. 'தேதியிலிருந்து' என்பதா, 'தேதி முதல்' என்பதா என்று மஹாதேவன் ஆழ்ந்திருந்தபோது தமிழரசி எதிரே வந்து நின்றாள். கையில் தபால் கட்டு இல்லை. ஒரே ஒரு காகிதம்.

"சார், உங்ககிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். நதி அளவைத் துறையில சேர்றேன். அங்க லதா மேடம்னு ஒரு ஆபீசர். போன ஞாயித்துக்கிழமை சரோவர்ல நான் ஆடறதைப் பார்த்தாங்க. புதன்கிழமை ஆர்டர் குடுத்துட்டாங்க. பர்மனென்ட். குவார்ட்டர்ஸும் உண்டாம்."

"ஞாயித்துக்கிழமை பாத்து, புதன்கிழமை ஆர்டரா!" மஹாதேவனுக்கு உண்மையிலேயே பகீரென்றது. "எங்கே, காட்டு."

வாங்கிப் படித்தார். மூன்றே வரி; மூன்று பிழை. தேதி இல்லை. துறையின் பேரிலேயே ஓர் எழுத்தைக் காணோம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் பெயர் 'தமிழரிசி' என்று அடிக்கப்பட்டிருந்தது. மஹாதேவனின் கை தானாகவே சிவப்புப் பேனாவைத் திறந்து, காகிதத்தின்மேல் இறங்கியது.

"சார், சார்! அது ஒரிஜினல்!" தமிழரசி பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

"பேரையே தப்பா போட்டிருக்காளேம்மா! அரிசின்னு!"

"போட்டா போட்டுட்டுப் போறாங்க சார். அரிசின்னாலும் சோறு போடுதுல்ல?"

சொல்லிவிட்டு அவள் சிரிக்க முயன்றாள். வரவில்லை. "உங்க மேல எனக்குக் கோவம் இல்ல சார். அம்மாதான், முருங்கைய விட்டுட்டு வரமாட்டேன்னு ரெண்டு நாளா அழுதுட்டிருக்காங்க. இந்த வீட்டுலயே இருந்திருக்கலாம். ஒரே ஒரு கையெழுத்து." காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். போகிற வழியில் கீழே கிடந்த ஒரு கிழிந்த உறையைச் சுருட்டி எறிந்தாள். நடைக்கூடத்தின் மறுகோடியில் அது தொட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டது.

மஹாதேவன் அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். டப்பாவை மூடி வைத்துவிட்டு, பதினோராவது டிராஃப்டைக் கோப்பில் கோத்துக் கட்டினார்.

ஏப்ரலில் கோப்பைப் போட்டி நடந்தது. ஆறு அணிகள். மிதவை வாரியம் முறைப்படி ஆடிய ஒரே அணி என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. நதி அளவைத் துறையுடன் மோதியபோது எழுபத்தெட்டுக்கு ஆறு. அந்த ஆறில் இரண்டு, எதிரணிப் பெண் ஒருத்தி சாவித்திரியின் முழங்காலுக்காக இரங்கி ஒதுங்கி நின்றபோது கிடைத்தவை. பந்து உரிய வழியாகவே சென்றது. இருபத்து நாலு விநாடி முடிந்த ஒவ்வொரு முறையும் அதே உரிய வழியாக எதிரணிக்குச் சென்றது. எதிரணியின் ஏழாம் எண் பெண் ஒருத்தியே முப்பத்தைந்து புள்ளி எடுத்தாள். அவள் சட்டையின் முதுகில் பெயர் அச்சிட்டிருந்தது. அதிலும் 'தமிழரிசி'தான்.

தோல்விக்கு விளக்கம் கேட்டுத் தலைவர் குறிப்பு அனுப்பினார். மஹாதேவன் விளக்கத்தை எழுதினார். அது அவர் வாழ்க்கையின் சிகரம் என்று விவரமறிந்தவர்கள் சொல்கிறார்கள்.

'கடைசி இடம் பெறும் அணிக்கே அடுத்த தேர்வில் முதல் உரிமை என்பது டிராஃப்ட் முறையின் அடிப்படை. இதை முன்னிட்டு, வாரியம் ஆறாவது இடத்தை எந்த ஐயத்துக்கும் இடமின்றிக் கைப்பற்றியுள்ளது. தங்கள் மேலான பார்வைக்கு.'

தலைவர் படித்தார். மறுபடியும் படித்தார். எழுந்து நின்று மஹாதேவனின் கையைக் குலுக்கினார்.

"அபாரம், மஹாதேவன்! இதுவல்லவா தொலைநோக்கு? அப்படியானால் முதல் உரிமை நமக்குத்தானே?"

"ஆமாம் சார்."

"அந்த நதி அளவைக்காரர்களிடம் ஏழாம் எண்ணில் ஒரு பெண் ஆடினாளே, பார்த்தீர்களா? திரும்பிக்கூடப் பார்க்காமல் போடுகிறாள்! இவளை எல்லாம் எங்கே கண்டுபிடிக்கிறார்கள்? நமக்கு ஏன் இப்படி ஒருத்தி அகப்படமாட்டேன் என்கிறாள்?"

மஹாதேவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்துத்தான் இருந்தது.

"நம் முதல் உரிமையில் அவளை எடுக்கிறோம். நியமன ஆணை. உடனே டிராஃப்ட் போடுங்கள்!"

"சரி சார்."

இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே குவார்ட்டர்ஸ் தெரிந்தது. இரண்டாம் மாடியில் பூட்டு. கீழ் வீட்டுக்குப் புதிதாக வந்த யாரோ வெயில் வரட்டும் என்று முருங்கையைப் பாதியோடு வெட்டியிருந்தார்கள். தமிழரசியின் கோப்புக் கட்டை எடுத்து அவிழ்த்தார். பதினொன்று, பத்து, ஒன்பது என்று ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே போனார். சிவப்பு மேலே சிவப்பாக, கறுப்பு மசி கண்ணுக்கே தெரியாத பக்கங்கள். எல்லாவற்றுக்கும் அடியில், ஜூலை மாதம் பிற்பகலில் எழுதிய அந்த முதல் டிராஃப்ட் இருந்தது. நாலு வரி.

சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் படித்தார். பெயர் சரியாக இருந்தது. தேதி இருந்தது. கால்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. 'இதன்மூலம்' இல்லாமலே அர்த்தம் விளங்கியது. இன்னொரு முறை, ஒவ்வொரு எழுத்தாக, விரலை வைத்துப் படித்தார். இருபத்தேழு வருட அனுபவம் திருத்துவதற்கு ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. தலைவர் கையெழுத்துக்கென்று விட்ட இடம் மட்டும் காலியாக இருந்தது.

விடக்கூடாது என்று தாளின் கடைசி வரைக்கும் போனார். அங்கே, இடது மூலையில், ஒரே ஒரு பிழை அகப்பட்டது. 'டிராஃப்ட் தயாரித்தவர்: மஹாதேவன்.'

அதைச் சிவப்பு மசியால் அடித்தார்.